குடியிருப்புத் தெருவில் வேகம் ஏன் குறைவதில்லை?

2023 நவம்பரில் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை நகருக்கான புதிய வேக வரம்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, கார்களுக்கு மணிக்கு 60 கி.மீ., இருசக்கர வண்டிகளுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40 என்ற எண்களைச் சுற்றித்தான் பேச்சு எழுந்தது. அதே அறிவிப்பில் இருந்த இன்னொரு வரியை அவ்வளவாக யாரும் பொருட்படுத்தவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் எந்த வாகனமாக இருந்தாலும் 30 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அந்த வரி. மாநகரில் பேருந்து செல்லும் சாலைகளின் நீளம் 400 கி.மீ.க்கும் குறைவு, உட்தெருக்களின் நீளமோ 5,000 கி.மீ.யைத் தாண்டும். ஆக, நகரச் சாலைகளின் மிகப் பெரும் பகுதியைத் தொடும் விதி அந்த ஒற்றை வரிதான்.

நான் வசிக்கும் தெரு, இரண்டு மெயின் ரோடுகளை இணைக்கும் நேரான, ஏறக்குறைய முப்பது அடி அகலமுள்ள தெரு. அங்கே வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன என்று அறிய விரும்பி, ஒரு நாள் காலை இரண்டு வீட்டு வாசல்களுக்கு இடையே 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சுடன் நின்றேன். கணக்கு எளிது. இந்த 50 மீட்டரைக் கடக்க ஒரு வண்டிக்கு 6 வினாடி ஆனால் அது 30 கி.மீ. வேகம், 3.6 வினாடியில் கடந்தால் 50 கி.மீ. வேகம். ஆறு வினாடி என்பது நின்று பார்க்கும்போது வியப்பூட்டும் அளவுக்கு நீண்ட நேரம். பின்னால் பள்ளிப் பிள்ளையை உட்கார வைத்திருந்த ஸ்கூட்டர், தண்ணீர் கேன் கட்டிய மொபெட், கால் டாக்ஸி, எங்கள் தெருவிலேயே குடியிருப்பவரின் கார் என ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஆறு வினாடிக்கு முன்பே இரண்டாவது கோட்டைத் தாண்டின. வெளியாட்கள்தான் வேகமாகப் போகிறார்கள், நம் தெருக்காரர்கள் பார்த்து ஓட்டுகிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் சொல்லப்படுவதை அன்றோடு நான் நம்புவதை நிறுத்திவிட்டேன்.

முப்பது என்ற எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணம் நம் உடலின் தாங்குதிறனும் கண் கண்டதற்குக் கால் இயங்க ஆகும் நேரமும்தான். ஓட்டுபவர் ஓர் ஆபத்தைப் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை அழுத்தக் குறைந்தது ஒரு வினாடி ஆகிறது. 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியில் வண்டி எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் இருந்தால் மேலும் ஐந்து மீட்டருக்குள் நின்றுவிடும். மொத்தம் சுமார் 13 மீட்டர். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியோ அந்த ஒரு வினாடிக்குள்ளேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிருக்கும். அதாவது, நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை 13 மீட்டர் முன்னால் ஓடி வந்தால், முதல் வண்டி அதன் எதிரே வந்து நின்றுவிடும். இரண்டாவது வண்டி பிரேக் பிடிக்கும் முன்பே, வேகம் சிறிதும் குறையாமல் மோதியிருக்கும். இருபது கி.மீ. வேறுபாடு என்பது காகிதத்தில் சிறியது. தெருவில் அது மோதாமல் நிற்பதற்கும் முழு வேகத்தில் மோதுவதற்கும் உள்ள வேறுபாடு. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியில் பெருகுவதால், 30-இல் மோதுவதைக் காட்டிலும் 50-இல் மோதும் அதே கார் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றலை உடலின் மீது செலுத்துகிறது.

சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுச் சொல்கிறது. நடப்பவர்களும் மிதிவண்டிகளும் மோட்டார் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கி.மீ.தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனம் கூறியதற்கும் அடிப்படை இத்தகைய கணக்குகளே.

நம் ஊரில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஓட்டுநரின் குணத்தோடு முடிந்துவிடுகிறது. விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற தொடர் மனப்பாடமாகியிருக்கும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகமாக 64,105 விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில். நாட்டின் அந்த மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. இந்த விழுக்காட்டைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காவல் நிலையத்தில் நிரப்பப்படும் படிவத்திலிருந்து வரும் எண் இது. அந்தத் தெரு எத்தனை அகலம், நடைபாதை இருந்ததா, முனை மறைந்திருந்ததா என்பதையெல்லாம் ஆராய்ந்து எழுதப்பட்டதன்று. வேகம் கொன்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேகத்தில் போகலாம் என்ற எண்ணத்தை ஓட்டுநருக்கு ஊட்டியது எது என்ற கேள்வி, ‘அஜாக்கிரதை’ என்ற சொல்லுக்குள் புதைந்துபோகிறது.

ஓட்டுபவர் வேகமானியைப் பார்த்து வண்டி ஓட்டுவதில்லை. கண்முன்னே விரியும் தெருவைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். நேரான பாதை, அகலமான தளம், தூரத்தில் திறந்து தெரியும் முனை, சீரான தார் ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்தப் பலகை என்ன சொன்னாலும் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது. எங்கள் தெருவில் இதை நேராகப் பார்த்தோம். பல ஆண்டுகள் குண்டும் குழியுமாகக் கிடந்த தெருவுக்கு எல்லோரும் மனு மேல் மனு போட்டு, ஒரு வழியாக மேல்தளத்தைச் சுரண்டிப் புதுத் தார் போட்டார்கள். பழைய வேகத்தடைகள் இரண்டும் அதோடு போயின, புதிதாகப் போடப்படவில்லை. தெருவின் அழகு கூடிய அதே வாரத்தில் வேகமும் கூடியது. எதிர் வீட்டுப் பெரியவர், மாலையில் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரும் வழக்கத்தை விட்டுவிட்டுக் காம்பவுண்டுக்கு உள்ளே போய்விட்டார். அவருடைய வழக்கம் மாறியது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஆனால் வேகத்தின் முதல் விளைவு இதுதான். அடிபடுவதற்கு முன்பே மனிதர்கள் தெருவை விட்டு விலகிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம், அந்தத் தெருவில் வேலையே இல்லாத வண்டிகள். மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் கைப்பேசி வரைபடம் உட்தெரு வழியே அழைத்துச் செல்கிறது. அந்த வழியில் பாலர் பள்ளி இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் தொடங்கிய பிறகு, மயிலாப்பூர் முதல் போரூர் வரை பல பகுதிகளில் பெருஞ்சாலைப் போக்குவரத்து உட்தெருக்களுக்குத் திருப்பிவிடப்பட்டதையும் நகரவாசிகள் அறிவார்கள். குறுக்கு வழியில் புகுந்தவர் இழந்த நேரத்தை மீட்கத்தான் புகுந்திருக்கிறார். ஆகவே அவர் நிதானமாகப் போவதில்லை.

மூன்றாவது, குறுக்குத் தெரு முனைகள். இரு பக்கமும் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர், அதற்கு வெளியே நிறுத்தி வைத்த கார். முனை கண்ணுக்குத் தெரியாது என்பது ஓட்டுபவருக்கும் தெரியும். ஆனால் அவர் பிரேக்கைத் தொடுவதில்லை, ஹாரன் அடிக்கிறார். வருகிறேன், விலகு என்ற பொருளில் ஒலிக்கும் அந்த ஹாரன் நம் தெருக்களில் பிரேக்குக்கு மாற்றாகவே ஆகிவிட்டது. காது மங்கிய முதியவருக்கும், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்த நிலையில் மக்கள் கையில் எடுக்கும் ஒரே மருந்து வேகத்தடை. விபத்து நடந்த மறுநாளே வீடு கட்டும் இடத்திலிருந்து மிச்ச கான்கிரீட்டை வாங்கிக் கொட்டி, முழங்கை அகலத்தில் ஒரு மேட்டைப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேடு செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் பல அளவிலான மேடுகளின் மீது வெவ்வேறு வேகத்தில் வண்டிகளை ஓட்டிப் பார்த்தார். குறுகிய மேட்டில் வேகம் கூடக் கூடக் குலுக்கல் கூடுவதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் சக்கரமும் ஸ்பிரிங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, உள்ளே இருப்பவருக்கு அது குறையவே செய்கிறது. நிதானமாக வரும் ஆட்டோவில் இருக்கும் கர்ப்பிணிக்கு இடுப்பு ஒடிகிறது. பறந்து வரும் காருக்கு ஒரு தட்டுத்தான். இதற்கு மாற்றாக அவர் கண்டது, வண்டி செல்லும் திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, வில்போல் வளைந்த நீண்ட மேடு. இதில் மெதுவாக ஏறி இறங்கினால் உடலுக்குத் தொந்தரவில்லை. வேகம் கூடினால் குலுக்கலும் கூடவே ஏறும்.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் குழுமம் 1988-இல் வெளியிட்ட வேகத்தடை விதிமுறையும் இதே அளவைத்தான் சொல்கிறது: 17 மீட்டர் ஆரம் உள்ள வளைவு, 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், கடக்கும் வேகம் சுமார் 25 கி.மீ. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், இரவில் தெரியும்படி மேட்டின் மீது வண்ணப் பட்டை வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஒரு மேடு மட்டும் போட்டால், அதைத் தாண்டியதும் வண்டி மீண்டும் சீறிக் கிளம்பும் என்பதால், நீண்ட தெருவில் சுமார் நூறு மீட்டருக்கு ஒன்று என்று தொடராகப் போட வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் இந்த அளவில் பாதி நீளம்கூட இல்லாதவை. தார் போடும் ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு அச்சுச் சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தால் சரியாக வந்துவிடக்கூடிய வேலை இது. அதற்குப் பதிலாக மண்வெட்டியும் கண்மட்டமுமாக நடக்கிறது.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மழைநீர் தேங்கக் கூடாது என்பதற்காக மேட்டின் இரு ஓரங்களிலும் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளி நீருக்கு வழிவிடுவதோடு பைக்குகளுக்கும் வழிவிடுகிறது. மேட்டில் ஏறாமல் ஓரமாக நெளிந்து போகும் பைக், நடைபாதை இல்லாத தெருவில் மனிதர்கள் நடக்கும் இடத்துக்கே வருகிறது. இதனால் ஆபத்து நடுத்தெருவிலிருந்து ஓரத்துக்கு இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. மேட்டுக்கு முன்பாகவே வடிகால் வாயை அமைத்துவிட்டால் ஓரம் வரை மேட்டைக் கொண்டுபோக முடியும். அல்லது அந்த இடைவெளியில் ஒரு குட்டைத் தூணை நட்டுவிடலாம். இரண்டுமே செலவு குறைந்தவை. ஆனால் வடிகாலைப் பார்ப்பவரும் சாலையைப் பார்ப்பவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்று பேசினால்தான் நடக்கும்.

மேடு போடுவது கடைசிக் கருவி. முதல் கருவி தெருவின் வடிவம் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 1971-இல் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையிலிருந்து அதே பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. தாய்மார்களும் பிள்ளைகளும் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். மேசை போட்டுத் தெருவிலேயே சாப்பிட்டார்கள். அதே காலத்தில் டெல்ஃப்ட் நகரில், நடைபாதை வேறு வண்டிப்பாதை வேறு என்ற பிரிவையே எடுத்துவிட்டு, மரங்களையும் பெஞ்சுகளையும் வளைவுகளையும் வைத்து, வண்டி விருந்தாளியாக மட்டுமே வந்துபோகும் குடியிருப்புத் தெருக்களை உருவாக்கினார்கள். 1976-இல் இத்தகைய தெருக்களுக்கு அங்கே சட்டத் தகுதி கிடைத்தது. அங்கே வண்டி போக வேண்டியது நடைவேகத்தில். 1992-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் முக்கியச் சாலைகளை 50-இல் விட்டுவிட்டு மற்ற எல்லாத் தெருக்களையும் 30-க்குள் கொண்டுவந்தது.

பலகையால் மட்டும் பயனே இல்லை என்று சொன்னால் அது மிகையாகிவிடும். 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடு குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது சுமார் 32 கி.மீ.யாகக் குறைத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். ஆனாலும் சராசரி வேகம் சில மைல்கள் குறைந்தது. அந்தச் சாலைகளில் காயமடைந்தோர் எண்ணிக்கையும் கண்கூடாகக் குறைந்தது. ஆனால் அங்கே பலகை உண்டு, பதிவு எண்ணைப் படிக்கும் கேமரா உண்டு, தண்டம் வீட்டுக்கு வரும் என்ற அச்சம் உண்டு. நான் நடமாடும் உட்தெருக்கள் எதிலும் 30 என்று எழுதிய ஒரு பலகையையும் இதுவரை கண்டதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி வேகமீறலுக்கு இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. ஆனால் வேகத்தை அளக்கும் கருவிகள் நிற்பதெல்லாம் பெருஞ்சாலைகளில். ஆயிரக்கணக்கான உட்தெருக்களுக்கும் காவலரை நிறுத்துவது நடக்கக்கூடிய காரியமன்று. அதனால்தான் காவலர் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும் கல்லும் கான்கிரீட்டும் மரமும் நமக்கு அதிகம் தேவைப்படுகின்றன.

எந்த வடிவங்கள் நமக்குப் பொருந்தும்? மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பும் வாயிலை நடைபாதை உயரத்துக்கு மேடையாக உயர்த்தி, அகலத்தைக் குறுக்கிவிட்டால், வேறோர் இடத்துக்குள் நுழைகிறோம் என்ற உணர்வு ஓட்டுபவருக்கு வந்துவிடும். நிறுத்தும் இடங்களை இடப்பக்கம் சிறிது தூரம், வலப்பக்கம் சிறிது தூரம் என்று மாற்றிப் போட்டால் நேரான தெருவே வளைந்த பாதையாகும். ஒரு டப்பா பெயிண்டில் முடியும் வேலை. குறுக்கு வழிப் போக்குவரத்தைத் தடுக்க, தெருவின் ஒரு முனையில் நடப்பவரும் மிதிவண்டியும் ஆம்புலன்ஸும் புகக்கூடியதாக, கழற்றி மாட்டும் தூண்களை நடலாம். சில குடியிருப்புகளில் பொதுத் தெருவுக்கே இரும்புக் கேட் போட்டுக் காவலாளியை நிறுத்துகிறார்கள். நான் சொல்வது அதுவன்று. கேட் மனிதர்களைத் தடுக்கிறது. தூண் வண்டிகளை மட்டும் தடுக்கிறது. நெரிசல் தீர ஒருவழிப்பாதையாக்குங்கள் என்ற கோரிக்கையையும் யோசித்தே எழுப்ப வேண்டும். எதிரில் வண்டி வராது என்று தெரிந்ததும் ஓட்டுபவர் மேலும் துணிந்து ஓட்டுகிறார்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, பாதுகாப்பு வடிவமைப்புத் தரங்களைப் பின்பற்றத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரியையும் ஒப்பந்ததாரரையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டத்துக்கு உரியவர்களாக்குகிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபரில் வந்த உத்தரவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புக்கும் நடப்பவர்களின் பாதுகாப்புக்கும் மாநிலங்கள் ஆறு மாதங்களுக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்றது. உடைந்த எலும்புகளை அறுவை அரங்கில் பார்த்தவர் தொடங்கிய வழக்கு, தெருவின் அளவுகளைப் பற்றிய விதிக்கு வந்து சேர்ந்திருப்பது தற்செயலன்று.

எங்கள் தெரு போன்ற ஒன்றில் இதெல்லாம் எந்த நேரத்தில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே நடக்கும். 2022 நவம்பர் முதல் தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளில் ஏரியா சபைக் கூட்டங்கள் தொடங்கின. வார்டு கவுன்சிலர் முன்னிலையில் கோரிக்கையைப் பதிவு செய்ய அது ஓர் இடம். அங்கே ‘வேகத்தடை வேண்டும்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், எந்த அளவில் எங்கே என்பது போடுபவரின் விருப்பமாகிவிடும். 50 மீட்டரும் ஸ்டாப்வாட்சும் கொண்டு எடுத்த அளவுகளையும், மேட்டின் நீளம், உயரம், இடைவெளி, வடிகால் வாயின் இடம் ஆகியவற்றையும் ஒரு தாளில் வரைந்து கொடுப்பது நல்லது. தெரு மறுபடியும் தார் போடப்படவிருக்கிறது என்ற செய்தி கசிந்ததுமே, மதிப்பீடு தயாராகும் முன்பே, அந்தத் தாள் வார்டு பொறியாளரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். மதிப்பீட்டில் ஒரு வரியாக ஏறிவிட்டால் வேகத்தடையும் வாயில் மேடையும் தாரோடு தாராக வந்துவிடும். ஏறாவிட்டால், புதிதாகப் போட்ட சாலையை யாரும் வெட்ட விடமாட்டார்கள். அந்தத் தார் தேய்ந்து அடுத்த மதிப்பீடு எழுதப்படும் வரை, பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.